சிலந்தி வலை யார் முகத்தில்?

என் பிரியமுள்ள பரீனா ராத்தா,

ஆசிரியர் அறையில் உங்கள் கதிரையில் இன்னும் யாரும் உட்காரவில்லை. மரியாதை என்று நினைத்துச் சந்தோசப்பட்டுவிடாதீர்கள். அதன் ஒரு கால் ஆடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரில் சாய்த்து வைத்து அதைச் சமாளிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது, கதிரை அப்படியே சாய்ந்து நிற்கிறது.

உங்கள் தங்கைமார் உங்களை "ராத்தா" என்று அழைப்பதைக் கேட்டு, அக்காவுக்கு மடவளையில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டு, நானும் அப்படியே அழைக்கத் தொடங்கி ஆறு வருடம். தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை வாயில் அந்தச் சொல் வருவதைக் கேட்டு உங்கள் மகள் நுஸ்ரத் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போதும் அப்படித்தான் வருகிறது. டீச்சர் என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

ராத்தா, என் தலை குழம்பிக் கிடக்கிறது. வழக்கமாகக் குழம்பினால் இடைவேளையில் உங்களிடம் வந்து கொட்டுவேன். நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடி, "முதல்ல தண்ணி குடிங்க, பொறவு செல்லுங்க" என்பீர்கள். தண்ணீர் குடித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். உங்களைப் பற்றிய விசயத்தை உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் கொடுமை.

செவ்வாய்க்கிழமை தரம் ஐந்துக்கு இரண்டு பந்திகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம். அந்தப் பாடம் என்றாலே எனக்கு எரிச்சல் என்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றுமை என்ன, வேற்றுமை என்ன என்று கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்லும்? "இது நீளம் டீச்சர், அது கட்டை." "இதுல பன்னெண்டு முற்றுப்புள்ளி, அதுல ஒம்பது." இந்தத் தடவை ஒரு வாண்டு, இரண்டுக்கும் ஒற்றுமை இரண்டும் தாளில் இருப்பது என்றான். பிழை என்று சொல்லவும் முடியவில்லை.

உங்கள் வகுப்பில் மட்டும் அந்தப் பாடம் விளையாட்டு மாதிரி நடக்கும். கயிறடிக்கும் கயிறு இரண்டைத் தரையில் வட்டமாகப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும்படி வைப்பீர்கள். பந்தியில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் பிள்ளைகள் ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய வட்டத்துக்குள். இருவரும் சொன்னது நடுவில். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, பழைய வினாத்தாளைச் செய்விக்காமல் கயிறு போட்டு விளையாடுகிறாரே என்று பெற்றார் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்ததும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அசரவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பீர்கள்: "இத எழுதினவங்க எங்க நிண்டு பாத்தாங்க?"

அந்தக் கேள்விதான் இப்போது என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

நமக்கு ஒரு வழக்கம் இருந்ததே. பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்தால், அதைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவோம். பாடம் நடக்கும் அன்றுதான் பிள்ளைகள் உறையைக் கிழித்து வாசிப்பார்கள். நீங்கள் எழுதியதை நானும், நான் எழுதியதை நீங்களும் முதல்முறையாக அங்கேதான் கேட்போம். தண்ணீர்த் தாங்கி வழிந்த கதை ஞாபகமா? என் பக்கத்தில் நான் அமைதியாக நிலைமையைக் கையாண்டேன். உங்கள் பக்கத்தில் நான் மேசை மேல் ஏறி நின்று கத்தினேன். பிள்ளைகள் உங்கள் பக்கத்தைத்தான் நம்பின.

இந்த வருடம் என்னோடு சேர்ந்து எழுத ஆளில்லை. பாடப் புத்தகத்துப் பந்திகளையே எடுக்கலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை வரைபடச் சுருள் தேடி அலுமாரியின் மேல்தட்டைக் கிளறினால், பழைய வரவுப் பதிவேடுகளுக்கு அடியில் இரண்டு உறைகள். ஒன்றில் என் கையெழுத்து, மற்றதில் உங்களுடையது. இரண்டிலும் "உடவத்தகலே" என்று எழுதியிருந்தது. ஒட்டியபடியே இருந்தன.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதைப் பற்றி, அதிபர் விசாரித்த பிறகு எழுதியவை. பிரச்சினை ஆறாததால், "இது இப்ப வாணாம் தங்கச்சி" என்று நீங்கள் வாங்கி மேலே வைத்தீர்கள். நானும் மறந்துபோனேன்.

மறந்துபோனேன் என்று எழுதிவிட்டேன். அதையும் இப்போது சந்தேகமாகத்தான் பார்க்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று நான் வைத்திருந்தேன். முப்பத்து நான்கு பிள்ளைகள், இரண்டு இரண்டு பேராகக் கைபிடித்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். முன்னால் நான், கடைசியில் நீங்கள். பின்னால் யாரும் தங்காமல் பார்ப்பதும் எண்ணுவதும் கடைசியில் வருபவரின் பொறுப்பு. மழை பிடித்தது. வாசலுக்கு வந்து எண்ணினால் முப்பத்து மூன்று. தனுஜா இல்லை. நாற்பது நிமிடம் ராத்தா, அந்த நாற்பது நிமிடத்தில் நீங்கள் ஓதிய ஓதல் இன்னும் என் காதில் இருக்கிறது. காட்டுக் காவலர் ஒருவர் குளத்தடியில் இருந்து அவளைக் கூட்டி வந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை. அட்டை கடித்து இரத்தம் வழிந்திருந்தது. அதைப் பிடுங்கப் போய்த்தான் பிள்ளை பின்தங்கியிருக்கிறாள்.

மறுநாள் தனுஜாவின் அம்மா அதிபர் அறைக்கு வந்து நின்றாள். "என் புள்ளைய காட்டுல விட்டுட்டு வந்தது யாரு? அத மட்டும் சொல்லுங்க." அதிபர் நம் இருவரையும் பார்த்து, "கடைசியில வந்தது யார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், "நான்தான் சேர். எண்ணாம வுட்டதும் நான்தான். செல்வி டீச்சர் முன்னுக்குப் போனாங்க" என்றீர்கள்.

நான் வாயைத் திறந்தேனே, எதைச் சொல்லத் திறந்தேன்? நான்கு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

உங்கள் ஃபைலில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. இனிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார். சுற்றுலா என்றால் பிள்ளைகளுக்கு முன்னால் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கும் உங்களுக்கு அந்தத் தண்டனை. அதற்குப் பிறகு எல்லாப் பயணத்துக்கும் நான்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் வாசல் வரை வந்து, துண்டு துண்டாக வெட்டிய சவர்க்காரத்தை என் கையில் தருவீர்கள். "எல்லாப் புள்ளட காலுக்கும் தேய்ச்சி வுடுங்க. அட்டை ஏறாது." பேருந்து திரும்பும் வரை கையசைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

எனக்கு அப்போது நியமனம் உறுதியாகவில்லை. அந்தக் கடிதம் என் ஃபைலில் ஏறியிருந்தால் என் வேலை என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அது உங்களுக்கும் தெரியும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் உங்களை மன்னித்து வைத்திருந்தேன். நல்ல மனுசி, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கவனம் பிசகிவிட்டது என்று பெரிய மனது பண்ணி மன்னித்திருந்தேன். நீங்கள் இறந்த அன்று மையித்து வீட்டில் நுஸ்ரத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள இப்ப எப்படி ஈக்கிறா டீச்சர்? உம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே ஈந்தாங்க" என்று அழுதபோது, "பிழை யாருக்கும் வரும்மா, உம்மாவ யாரும் குறையா நினைக்கல" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உறைகளை வீட்டிலேயே கிழித்துப் படித்திருக்கலாம். புத்தியுள்ள எவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்ததே. ஒரு தடவையாவது உங்கள் பக்கத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிதாகக் கேட்க வேண்டும் போல ஆசையாக இருந்தது. பரீனா டீச்சர் எழுதினது என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. உங்களிடம் தரம் நான்கில் படித்த பிள்ளைகள்தானே.

முதலில் என் பக்கத்தை ஒரு பிள்ளை வாசித்தது. "நான் முன்னால் நடந்தேன். பரீனா டீச்சர் வரிசையின் கடைசியில் வந்தார். மழை வந்ததும் பிள்ளைகளின் பைகள் நனைந்து கறுத்தன. ஒரு பையில் தொங்கிய நீலக் கரடிப் பொம்மையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அவிழ்ந்த ரிப்பன்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது." நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பிறகு உங்கள் பக்கம். "நான் வரிசையின் கடைசியில் வந்தேன். குளத்துப் பக்கம் திரும்பியதும் ஒரு பெரிய சிலந்தி வலை என் முகத்தில் அப்பிக்கொண்டது. மூக்குக் கண்ணாடியெல்லாம் நூல். திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மழையும் வந்தது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தில் உங்கள் குரல் அப்படியே இருந்தது. வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை, சத்தியமாக.

பிள்ளைகள் துண்டுகளை எழுதி வைக்கத் தொடங்கின. பை, கரடி, ரிப்பன் எல்லாம் என் வட்டத்தில். சிலந்தி வலை, கண்ணாடி, சிரிப்பு உங்கள் வட்டத்தில். மழை நடுவில். "கடைசியில் வந்தது பரீனா டீச்சர்" என்ற துண்டு துர்காவின் கையில் இருந்தது. தெல்தோட்டையில் இருந்து வந்து மஹய்யாவையில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். துண்டை வைத்துக்கொண்டு கயிற்றுப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

"ரெண்டு பேரும் சொல்லியிருக்காங்கதானே? நடுவுல வை" என்றேன்.

"வைக்க ஏலாது டீச்சர்."

"ஏன்?"

"எங்கம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவாங்க. காலையில முதல்ல போறவங்க மூஞ்சியிலதான் சிலந்தி வலை ஒட்டும்னு சொல்லுவாங்க. பின்னுக்குப் போறவங்களுக்கு வலையே இருக்காது. அறுந்துபோயிருமே."

என் அம்மாவும் அதே மலையில் கொழுந்தெடுத்தவள்தான். புருவத்தில் வலை நூலோடு அவள் வீடு வந்ததை எத்தனை நாள் பார்த்திருப்பேன்.

முன்வரிசையில் இருந்த றிஸ்மி துள்ளி எழுந்தாள். "டீச்சர், கடைசியா வந்தவங்க திரும்பிப் பாத்தா ஒருத்தரும் ஈக்க மாட்டாங்களே! புள்ளைகள் எப்படி அவங்கட மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாங்க?"

வகுப்பு முழுக்கச் சலசலப்பு. துர்கா அதோடு விடவில்லை. மெதுவாக என் வட்டத்தைக் காட்டினாள். "நீங்க பைய மட்டும்தானே டீச்சர் எழுதியிருக்கீங்க. ரிப்பனும் பின்னுக்குத்தான் இருக்கும். முன்னுக்கு நின்னா மூஞ்சிதானே தெரியும்?" பிறகு, நீங்கள் பழக்கிய கேள்வியை அவள் என்னிடமே கேட்டாள்: "நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

மணி அடித்தது என்று பொய் சொல்லிப் பாடத்தை முடித்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் மணி அடித்தது. துர்கா அந்தத் துண்டை இரண்டு வட்டத்துக்கும் வெளியே, சிமெந்துத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய தொலைபேசியைத் தேடி எடுத்து மின்னேற்றிப் பார்த்தேன். அன்று காட்டு வாசலில் எடுத்த படம் இருக்கிறது. முன்னால் நான், கடைசியில் நீங்கள், தொப்பியோடு. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று ஒரு நிமிடம் மூச்சு வந்தது. அடுத்த நிமிடமே போனது. வாசலில் நின்ற மாதிரியே குளம் வரைக்கும் போனோம் என்று எந்தப் படம் சொல்லும்?

"நான் முன்னுக்குப் போறேன், பாதை எனக்குத் தெரியும். நீங்க பின்னுக்கு வாங்க." இப்படி நீங்கள் சொன்ன மாதிரி இருக்கிறது. சொன்னீர்களா? பின்னால் வரும்போது நான் தொலைபேசியைப் பார்த்தேனா? ஒரு பிள்ளை பாதை ஓரத்தில் குந்தியிருக்க, "சீக்கிரம் வா" என்று சொல்லிவிட்டு நான் தாண்டிப் போன மாதிரி ஒரு காட்சி வருகிறது. அது அன்று நடந்ததா, துர்கா கேட்ட பிறகு என் மனம் செய்துகொண்டதா? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தப் பிள்ளைக்கு முகமில்லை, ஒரு நீலக் கரடிதான் தெரிகிறது. நியமனம் போய்விடும் என்ற பயத்தில் தெரிந்துகொண்டே மறந்தேனா? அப்படியென்றால் மூன்று வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ராத்தா என் தொண்டையில் சோறு இறங்கியது?

உங்களையும் எனக்குப் புரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தீர்களா? அந்தச் சவர்க்காரத்தைத் தரும்போது மனதுக்குள் என்ன இருந்தது? ஒட்டிய உறைக்குள்ளும் "கடைசியில் வந்தேன்" என்றே எழுதியிருக்கிறீர்கள், எனக்காக. பிறகு எதற்கு அந்தச் சிலந்தி வலை? என்றாவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கட்டும் என்று வைத்தீர்களா? இல்லை, பொய் சொல்லத் தெரியாமல் கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டீர்களா? ஒரு நாள் முதலாவது என்று தோன்றுகிறது. மறுநாள், நீங்கள் அப்படிக் கணக்குப் போடுகிற ஆளில்லை என்று தோன்றுகிறது. கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் மேசை மேல் ஏறிக் கத்தியதை எழுதத் தெரிந்த உங்களுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லையா?

நேற்று, வெள்ளிக்கிழமை, அதிபரிடம் போனேன். உங்களுக்காகப் பள்ளிக்கூடம் ஒரு நினைவு மலர் போடுகிறது. அதில் என் கட்டுரையும் இருக்கிறது. அச்சகத்தில் இருந்து பிழை திருத்த வந்த தாளைப் பார்த்தால், நான் எழுதிய வரி கொட்டை எழுத்தில் நிற்கிறது: "ஒரு பிள்ளை தவறிய அன்று, தன் பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட நேர்மையாளர்." ஆசிரியர் அறையில் எல்லோரும் பாராட்டிய வரி அது.

இரண்டு பக்கங்களையும் அதிபர் முன் வைத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "டீச்சர், அவங்க போயிட்டாங்க. பிள்ளையும் நல்லா இருக்கா. இப்ப எதுக்கு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிறீங்க? ஒரு சிலந்தி வலைய வச்சு நான் ஃபைலத் திறக்க ஏலுமா? வேணும்னா அந்த வரிய வெட்டிருவோம். பேசாம விட்டிருங்க."

வரியை வெட்டினால் முடிந்துவிடும். எனக்கும் நல்லது. எழுந்து வந்து, ஆடுகிற உங்கள் கதிரையில் உட்கார்ந்தேன். சாய்க்கத் தெரியாமல் விழப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

வெட்டினால் நுஸ்ரத்துக்கு என்ன தெரியும் ராத்தா? தன் உம்மா ஒரு பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவள் என்றே நினைத்துக்கொண்டு இருப்பாள். அந்தக் கடிதம் உங்கள் ஃபைலில் அப்படியே கிடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விசயம் உங்கள் மகளுக்குத் தெரியாமல் இருக்கும். என் ஞாபகம் இன்னும் தெளியவில்லை. தெளியுமோ தெரியாது. ஆனால் என் பக்கத்தில் ஒரு முகம்கூட இல்லை. எத்தனை தடவை வாசித்தாலும் பைகள்தான் இருக்கின்றன. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அதனால் இன்றைக்கு மூன்றாவதாக ஒரு பக்கம் எழுதினேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நாளை காலை மடவளைப் பேருந்தில் ஏறி, மூன்று பக்கங்களையும், துர்கா வெளியே வைத்த துண்டையும் நுஸ்ரத்தின் கையில் கொடுப்பேன். அவள் வாசித்து முடிக்கும் வரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்ப்பேன், என்ன சொன்னாலும் கேட்பேன். திங்கட்கிழமை இந்தப் பக்கம்தான் அச்சகத்துக்குப் போகும். அதிபர் மறுத்தால் என் கையெழுத்தோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும். தனுஜாவின் அம்மாவையும் தேடிப் போவேன். மூன்று வருடத்துக்கு முன் அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கயிறு இரண்டையும் தரையில் போடுவேன். துர்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அந்த மூன்றாவது பக்கத்தில் முதல் வரி மட்டும்தான் தெளிவு, மற்றதெல்லாம் குழப்பம்தான்: "அன்று வரிசையின் கடைசியில் வந்தது நான்."

முன்னால் போய்விட்ட உங்களுக்கு,
பின்னால் வருகிற தங்கச்சி
செல்வி